நுஸ்ரத்தின் ஸ்பெயினும் நான் பிடித்த கயிறும்

காலை ஏழு மணி இருக்கும். எங்கள் ஊர் உடப்புக் கரையில் கரைவலை இழுக்கிறார்கள். வடக்குக் கயிற்றில் இருபது பேர், தெற்குக் கயிற்றில் இருபது பேர். தெற்குக் கயிற்றில் இருபத்தோராவது ஆளாக நான் நிற்கிறேன். குதிகால் மணலில் புதைய, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறேன்.

கொஞ்சம் தள்ளி, முழங்கால் அளவு தண்ணீரில் ஒருத்தி நிற்கிறாள். கறுப்பு அபாயா நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. கையில் நீளத் தடி, தடியின் நுனியில் ஒலிவாங்கி. அவள் என்னைப் பார்த்துக் கத்துகிறாள். தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஸ்பானிய மொழியில்.

“சுவெல்தா லா குவெர்தா! இடியோத்தா! லா காமரா!”

கயிற்றை விடு, மடைச்சி, கமரா என்று அர்த்தம்.

எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த குமார் அண்ணன் திரும்பாமலே கேட்டார்.

“தங்கச்சி, உன்ர கூட்டாளி என்ன சொல்லுறா?”

“பலமா இழுக்கட்டாம் அண்ணன்.”

“பாவம், நல்ல பிள்ளை.”

பாஷை விளங்காவிட்டால் மனிதர்களைப் பற்றி நல்ல எண்ணம்தான் வரும் போலிருக்கிறது. நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு இழுத்தேன். கமரா ஒரு கவிழ்த்த மீன்கூடையின் மேல், கவனிப்பார் யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டிருந்தவளுடைய ஸ்பெயின் பயணம் முழுவதும் அந்தக் கமராவை நம்பித்தான் இருந்தது.

அலுமாரிக்கு ஒரு பட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில், பல்கலைக்கழக விடுதியில் நான் வந்து சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு தோழி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். “பாய் வாங்கினது, வாளி வாங்கினது எல்லாம் எழுதினாய். என்ன படிச்சனி எண்டு மட்டும் எழுதேல்லையே, வெக்கமா?”

வெட்கம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே ஸ்பானிய மொழியையும் சினிமாவையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம் என்று புதிதாக ஒரு பாடநெறி தொடங்கியிருந்தார்கள். எனக்கு வேண்டியது புவியியல், அது கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவற்றில் இது ஒன்றுதான் எனக்குத் துளியும் தெரியாத பாடம். தெரிந்த பாடங்களில் நான் எடுத்திருந்த புள்ளிகளைப் பார்த்தால், தெரியாத பாடம்தான் பத்திரம் என்று பட்டது.

இரண்டு பாடத்தையும் எங்களுக்குப் படிப்பித்தவர் இரேஷா மிஸ். முதல் நாள் வகுப்பறையில் கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுத் தொட்டுச் சொன்னார். மேசையைத் தட்டி ‘மேசா’ என்றார். தன் சப்பாத்தைக் காட்டி ‘சபாத்தோ’ என்றார். அலுமாரி ‘அர்மாரியோ’ ஆனது. காலையில் சாப்பிட்ட பாணுக்கு ‘பான்’ என்றார். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதினார்கள். நான் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பெருமையை விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் எங்கட சொல்லுத்தானே. அலுமாரியை அலுமாரி எண்டு சொல்லப் படிக்கவா பிள்ள நாலு வருசம்?”

“இது போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்லம்மா. அவங்கள் ஸ்பெயினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.”

“அப்ப அவங்களே வந்து படிப்பிச்சிட்டுப் போயிட்டாங்கள். நீ என்னத்துக்குப் போறாய்?”

வீரபத்திரன் மாமா வேறு விதமாகக் கவலைப்பட்டார். அவர் சம்மாட்டி, அதாவது கரைவலைக்குச் சொந்தக்காரர். அந்த நாட்களில் எங்கள் கரையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் வேறு நாட்டுக்கு வள்ளத்தில் போகிற கதைதான் கதைப்பார்கள்.

“ஸ்பெயினுக்கு வள்ளத்தில போக எத்தினை நாள் பிடிக்கும்?” என்று கேட்டார்.

“போக ஏலாது மாமா. சரியான தூரம்.”

“போக ஏலாத நாட்டுப் பாஷையை ஏன் படிக்கிறாய்?” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இடதுகை வீரர்கள்

சினிமாப் பாடத்தில் என் அறிவு இன்னும் விசேஷம். சின்ன வயதில் கோவில் திருவிழாவுக்கு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் பெரியவர்களும், முதலே பாய் விரித்து இடம் பிடித்தவர்களும் இருப்பார்கள். பிந்தி வருகிறவர்கள் துணிக்குப் பின்பக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் குளித்து, உடுத்து, ஆளுக்காள் சண்டை பிடித்து வெளிக்கிடுவதற்குள் எப்போதும் பிந்திவிடும். ஆகவே நான் பார்த்த படமெல்லாம் பின்பக்கத்துப் படம்தான். வீரர்கள் எல்லாரும் இடது கையால் வாள் சுற்றினார்கள். கல்யாணத்தில் தாலிகூட இடதுகைப் பக்கமாகத்தான் ஏறியது.

பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக முன்பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு படத்தில் வில்லன் எந்தப் பக்கத்தால் வருகிறான், ஏன் அந்தப் பக்கத்தால் வருகிறான் என்று மிஸ் கேட்டார். நான் எழும்பி என் பின்பக்கத்து வரலாற்றைச் சிங்களத்தில் சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொப்பியில் அதைக் குறித்துக்கொண்டாள்.

அவள்தான் நுஸ்ரத்.

பதினாறு பேர் வகுப்பில் தமிழ் கதைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. கற்பிட்டி வீதியோரம் இருந்த முகாமில் பிறந்தவள். நான் சேர்ந்த நேரம் அவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். வாப்பா முச்சக்கரவண்டி ஓடினார்.

மிஸ் இலக்கணத்தைச் சிங்களத்தில் சொல்லுவார், புத்தகம் அதையே ஆங்கிலத்தில் சொல்லும். நாங்கள் கடைசி வரிசைப் பின்வாங்கில் இருந்து தமிழில் சண்டை பிடித்து விளங்கிக்கொள்வோம். நுஸ்ரத்துக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். கொப்பியில் மூன்று நிறப் பேனையால் எழுதுவாள். பொய் சொல்லமாட்டாள். விடுதியில் யாராவது புது உடுப்பைப் போட்டுக் காட்டி “எப்படி?” என்று கேட்டால், நான் அவளுடைய வாயைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவோம், ஒரே சோற்றுப் பார்சலில் சாப்பிடுவோம். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

இரண்டு பேருக்கு ஒரு படம்

இறுதி வருடம் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்கவேண்டும். கதை சொல்லுவது ஸ்பானிய மொழியில் இருக்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து எடுக்கலாம். ஒருவர் இயக்குநர், மற்றவர் கமரா. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. படம் முழுவதும் வெட்டு இல்லாத ஒரே காட்சியாக இருக்கவேண்டும்.

இதற்குமேல் ஒரு பெரிய விஷயம். அந்த வருட இயக்குநர்களில் ஒருவரை, படத்தையும் நேர்முகத்தையும் வைத்துத் தெரிந்தெடுத்து, ஒரு வருடம் ஸ்பெயினில் படிக்க அனுப்புவார்கள். ஒரேயொரு இடம்தான்.

நுஸ்ரத் முதலாம் வருடத்திலிருந்து அந்த இடத்துக்காகப் படித்தாள். மற்றவர்கள் காதலுக்கும் கிரிக்கெட்டுக்கும் செலவழித்த நேரத்தையெல்லாம் அவள் வினைச்சொற்களுக்குச் செலவழித்தாள். நான் அந்தப் போட்டிக்கே போகவில்லை. என்னுடைய ஸ்பானியம் சந்தைக்குப் போய்வரக் காணும், கடல் தாண்டக் காணாது. ஆகவே அவள் இயக்குநர், நான் கமரா.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடவேண்டும். அவளுக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். அம்மாவுக்கும் சொன்னேன், கோவிலிலும் சொன்னேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது. மேல்படிப்புக்கு இரண்டு பேரும் அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருப்பதென்று முடிவு பண்ணியிருந்தோம். அவள் போனால் அந்தப் பின்வாங்கில் நான் தனி. அந்த பஸ்ஸிலும் தனி.

எங்கள் ஊர் கரைவலையைப் படமாக எடுப்பதென்று தீர்மானித்தோம். வலை கரைக்கு வருகிற கடைசிப் பதினொரு நிமிடத்தை வெட்டாமல் எடுக்கவேண்டும். அதன்மேல் நுஸ்ரத் தான் எழுதிய ஸ்பானிய வசனத்தைப் பேசுவாள். அந்த வசனம் ‘கடலே, மௌனத்தின் தாயே’ என்று தொடங்கியது. எங்கள் கடல் ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “உனக்குக் கவிதை விளங்காது” என்றாள்.

பல்கலைக்கழகக் கமரா திங்கட்கிழமை திரும்பிப் போகவேண்டும். பற்றரி ஒன்றுதான் இருந்தது. பங்குனி முடிகிற காலம் வேறு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் வலையை மடித்து வைத்துவிடுவார்கள். மாமா சனிக்கிழமை வரச் சொன்னார்.

கைகட்டி நிற்காத கரை

மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரைக்குக் கிட்ட வரும்போது கனத்துவிட்டால், அங்கே நிற்கிற யாரும் சும்மா நிற்கக்கூடாது. தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கயிற்றைப் பிடிப்பார். வரி வாங்க வந்த உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிடிப்பார். ஒருமுறை ஊர்வலமாக வந்த மாப்பிள்ளை, மாலையைத் தோழனுடைய கழுத்தில் போட்டுவிட்டு வந்து பிடித்தார். ஆண், பெண் பார்ப்பதில்லை. கயிற்றில் கை வைத்தவருக்கு ஒரு பிடி மீன் பங்கு உண்டு. கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. கதை மட்டும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் ஊரெல்லாம் சுற்றும்.

இதை நுஸ்ரத்துக்கு நான் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாரும் விளங்கப்படுத்துவதில்லையே.

சனிக்கிழமை எல்லாம் அழகாகத் தொடங்கியது. நுஸ்ரத் தண்ணீரில் நின்று ஒலியைப் பிடித்தாள். நான் கரையில் நின்று கமராவைப் பிடித்தேன். அம்பா என்கிற வலை இழுக்கும் பாட்டைப் பாடுகிறவர் ஒரு அடியைப் பாட, இழுக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. முதல் ஏழு நிமிடம் நான் எடுத்த படத்தை இப்போது பார்த்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஏழாவது நிமிடம் கயிறு நின்றது.

ஆட்கள் பின்னால் சாய்ந்தார்கள், கயிறு வரவில்லை. வடக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். “மடி கனக்குது, கை குடுங்கோ!” என்று மாமா கத்தினார். கரையில் கருவாட்டுக்கு மீன் வாங்க நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களில் பூமணி அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். பார்வை மட்டும்தான்.

என் கை தானாகப் போனது என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். கவிழ்ந்து கிடந்த கூடையின்மேல் கமராவை வைத்தேன், ஓடினேன், கயிற்றைப் பிடித்தேன். அப்போதுதான் நுஸ்ரத் கத்தத் தொடங்கினாள்.

சொறி முட்டை

அவள் கத்தியும் நான் விடவில்லை என்றதும், ஒலிவாங்கித் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து ஓடிவந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கமராவுக்கு இரண்டடி தூரத்தில் வந்துவிட்டாள். குனிந்து எடுத்திருந்தால் மிச்ச நான்கு நிமிடமும் தப்பியிருக்கும்.

பூமணி அக்கா அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள்.

“என்ன மகள் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிடி!”

பிடித்த கையைக் கொண்டுபோய்க் கயிற்றில் வைத்தாள். நுஸ்ரத் தடியை மணலில் போட்டாள், மற்றக் கையையும் கயிற்றில் வைத்தாள். எனக்குப் பின்னால் நின்று, மூச்சு வாங்க வாங்க இழுத்தாள். அம்பாவுக்கு எல்லாரும் குரல் கொடுக்கிற இடத்தில் அவளும் குரல் கொடுத்தாள். எந்த மொழியில் என்று எனக்குக் கேட்கவில்லை.

மடி வந்தது. நாற்பது ஆண்களும் பத்துப் பெண்களும் இரண்டு பல்கலைக்கழக மாணவிகளும் உயிரைக் கொடுத்து இழுத்த மடிக்குள் இரண்டு கூடை சூடை மீன் இருந்தது. மிச்சமெல்லாம் சொறி முட்டை, அதாவது ஜெல்லி மீன். தொட்டால் கை கடித்து எரிகிற, கண்ணாடி மாதிரி வழுவழுத்த அந்தக் கட்டி, ஒரு லொறி கணக்கில் மணலில் சரிந்தது.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு குந்தினார். சொறி வந்த கடலில் வலை போடமாட்டார்கள். அந்த வருடத் தொழில் அன்றோடு முடிந்தது, எங்கள் படமும் முடிந்தது.

நுஸ்ரத் கமராவை எடுத்து, ஓடிய காட்சியைச் சின்னத் திரையில் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கையைச் சொறிந்துகொண்டு நின்றேன். சொறி பட்டதாலும்தான், முகத்தைப் பார்க்க முடியாததாலும்தான்.

அந்த நேரத்தில் பூமணி அக்கா ஒரு பையில் சூடை மீனை அள்ளிக் கொண்டுவந்து நுஸ்ரத்தின் கையில் கொடுத்தாள்.

“இந்தா மகள், உன்ர பங்கு.”

நான்கு வருடக் கனவு கூடையில் கவிழ்ந்து கிடக்க, நுஸ்ரத் அந்த மீன் பையோடு பஸ் ஏறிப் போனாள்.

மரியாதையான இரண்டு கிழமை

அதற்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் கதைக்கவில்லை. ஸ்பானியத்தில் கதைத்தாள். அதிலும் நண்பர்களிடம் பேசுகிற மாதிரி இல்லை, வங்கி மனேஜரிடம் பேசுகிற மரியாதையில். “தாங்கள் தயவுசெய்து அந்த வாளியைத் தருவீர்களா?” என்பாள். “தாங்கள் ஜன்னலை மூடினால் நன்றியுடையவளாக இருப்பேன்” என்பாள். நானும் அகராதியைப் பார்த்துப் பார்த்து மரியாதையாகப் பதில் சொன்னேன். நான்கு வருடத்தில் என் ஸ்பானியம் முன்னேறிய ஒரே காலம் அந்த இரண்டு கிழமைதான்.

மன்னிப்பும் கேட்டேன். “தாங்கள் வருந்தவேண்டாம்” என்றாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொடுக்க வேறு படம் இல்லை. அவளே தனியாகக் கணினி அறையில் இருந்து, ஒலியைச் சரிபண்ணி, வசனத்தைச் சேர்த்தாள். நான் வரவா என்று கேட்டதற்கு, தேவையில்லை, நன்றி என்றாள். தன் கத்தல் கேட்கிற இடத்தில் வசனத்தின் சத்தத்தைக் கூட்டி மூடிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

நரைத்த தாடிக்காரர்

தெரிவுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். இரேஷா மிஸ், பீடத்திலிருந்து ஒருவர், ஸ்பெயினிலிருந்து வந்திருந்த நரைத்த தாடிக்காரப் பேராசிரியர். அறையை இருட்டாக்கிப் படத்தைப் போட்டார்கள்.

ஏழு நிமிடம் கடல், கயிறு, ஆட்கள். பிறகு படம் ஆடியது, வானம் தெரிந்தது, மணல் தெரிந்தது. அதன்பின் நான்கு நிமிடத்துக்கு வெறும் கால்கள். மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னால் போகிற ஐம்பது பேருடைய கால்கள். அதற்குமேல் நுஸ்ரத்தின் குரல் உச்சத்தில், மறுபடியும் ‘கடலே, மௌனத்தின் தாயே’ என்றது.

தாடிக்காரரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

விளக்கைப் போட்டார்கள். அவர் ஸ்பானியத்தில் கேட்டார். “கமராவைக் கீழே வைத்தது யாருடைய முடிவு?”

நுஸ்ரத் வாயைத் திறந்தாள். அவள் உண்மையைத்தான் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். பிழை என்று சொன்னால் படம் போச்சு, இடமும் போச்சு. நான் முந்திக்கொண்டேன்.

“இயக்குநருடைய முடிவு. வலை கனத்தால் கமராவை வைத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடி என்று எனக்கு முதலே சொல்லியிருந்தார்.”

என் வாழ்க்கையில் ஒரு பிழையும் இல்லாமல் நான் சொன்ன முதல் நீள ஸ்பானிய வசனம் அது. பொய்க்கு வினைச்சொற்கள் எப்படித்தான் இப்படிச் சரியாக வந்தனவோ.

தாடிக்காரர் தலையாட்டினார். “அப்படியா. மௌனத்தின் தாய் பேசிக்கொண்டிருக்கும்போது, அடியில் இன்னொரு பெண் ‘கயிற்றை விடு, மடைச்சி’ என்று கத்துவது எனக்குக் கேட்டது. அவர் வேறு இயக்குநரா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். மிஸ் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்தக் கதிரைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

நுஸ்ரத் சிரிக்கவில்லை. “இவள் சொன்னது பொய்” என்றாள். “இவள் பிழை விட்டாள். நான் கத்தினேன். படம் பழுதாகிவிட்டது.”

“சரி. கத்திவிட்டு ஓடிவந்தீர்கள். ஈரமான கறுப்பு உடுப்போடு உங்கள் கால்கள் கமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நீங்கள் அதை எடுத்திருக்கலாம். எடுக்காமல் கயிற்றுக்குப் போனீர்கள். ஏன்?”

அவள் முதலாம் வருடத்துப் பிள்ளை மாதிரிச் சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள்.

“ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார். நான் முகாமில் பிறந்தவள். எங்களுக்கு யாராவது ஏதாவது தந்தால் முதலில் பெயர் எழுதுவார்கள். வாப்பாவின் பெயர், எந்த ஊர், எத்தனை பேர். பிறகுதான் அரிசி தருவார்கள். அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் இழுத்தேன். எனக்கு மீன் தந்தார்கள். அந்த நேரம் கமரா ஞாபகம் வரவில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் தன் பேனையை மூடி வைத்தார்.

நான்கு வருடம் ஒரே பார்சலில் சாப்பிட்டேன். இந்தப் பெயர் எழுதுகிற கதை எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பஸ்

அடுத்த வெள்ளிக்கிழமை அறிவித்தல் பலகையில் ஒரு பெயர் போட்டார்கள். நுஸ்ரத்தின் பெயர். அவள் இரண்டு தரம் வாசித்தாள், பிறகு என்னையும் வாசிக்கச் சொன்னாள், தமிழில்.

பின்னேர பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். சிலாபம் தாண்டும்வரை நான் சந்தோஷமாகக் கதைத்தேன். குளிருக்கு எத்தனை போர்வை வேண்டும், ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றெல்லாம். சிலாபம் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

“நுஸ்ரத், நான் கயிற்றைப் பிடிச்சது வலைக்காக மட்டும் இல்ல.”

அவள் முன் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ போறது எனக்கு விருப்பமில்ல. கூடையைக் கண்டதும் அதுவும் மனசில வந்தது. பாதி வலைக்கு, பாதி அதுக்கு.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ கமராவை வைக்கேக்க உன்ர முகம் கிட்டத்தில விழுந்திருக்கு. பதறி வைக்கிற ஆள் மாதிரி இல்ல. ஆறுதலா வைச்சிட்டு, என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுத்தான் ஓடுறாய். கணினி அறையில எத்தினை தரம் பாத்தன் தெரியுமா?”

“தாடிக்காரர் அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே. நானும் படத்தில அதைக் காணேல்லை.”

“எப்பிடிக் காணுவாய்? அந்த மூண்டு செக்கனையும் நான் வெட்டிட்டன்.”

வெட்டு இருந்தால் படத்தைத் தள்ளிவிடுவார்கள். யாராவது கவனித்திருந்தால் அன்றே அவளுடைய ஸ்பெயின் முடிந்திருக்கும். உடுப்பு நல்லாயில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுகிறவள், என் முகத்தை ஒளிக்க இதைச் செய்திருக்கிறாள்.

“ஏன்டி?”

“உன்ர மாமா படம் பாக்க வந்தா? உன்ர அம்மா பாத்தா?” என்றாள். பிறகு கோபமாகத் திரும்பினாள். “விசரி, நான் உன்ர இடத்தில இருந்திருந்தா கமராவைக் கடலுக்குள்ள எறிஞ்சிருப்பன்.”

அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் கண்டேன்.

பத்துளு ஓயாவில் பஸ் நின்றது. “உடப்புச் சந்தி, உடப்புச் சந்தி” என்று கண்டக்டர் கூப்பிட்டார். எங்களை நான்கு வருடமாகத் தெரிந்தவர், என்னைப் பார்த்து இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நுஸ்ரத் எனக்கு வழிவிடக் காலை மடக்கினாள்.

நான் எழும்பவில்லை. புத்தளத்துக்கு இன்னொரு டிக்கட் கேட்டேன்.